மால்டா நாட்டைப் பற்றிய சுவாரசியமான தகவல்கள் என்ன?

கேட்டவர் அநேகமாக ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் என்று நினைக்கிறேன். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ‘அதெல்லாம் ஒரு நாடா, அங்கே என்ன இருக்கு?’ என்று ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். ஆறு கிடையாது. குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் உப்பு நீக்கிய கடல்நீர். மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவில் பிரமிடுகளைவிடப் பழைய கல் கோயில்கள் நிற்கின்றன. பேசுவது அரபு வழி வந்த மொழி, எழுதுவது ரோமன் எழுத்தில். இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும்.

எனக்கு மால்டாவைக் காட்டியவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. இரண்டாம் உலகப்போரில் இந்தத் தீவின்மேல் குண்டு விழாத நாளே அரிது. 1942 ஏப்ரல் 9 அன்று மோஸ்டா தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்தது. பூசைக்குக் கூடியிருந்தவர்கள் சுமார் 300 பேர். குண்டு வெடிக்கவில்லை. அதே மாதிரி ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள், போனால் பார்க்கலாம். அப்போது மால்டா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆறே நாளில் பிரிட்டிஷ் மன்னர் தீவு முழுவதற்குமாக ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார். மால்டா கொடியின் மூலையில் இருப்பது அதுதான்.

‘பதக்கத்தைத் தின்னவா முடியும்?’ என்பார் பாட்டி. அந்த ஆகஸ்டில் உணவும் எரிபொருளும் ஏற்றி மால்டாவுக்குப் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் 5 தான் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல். மூழ்காமலிருக்க இரண்டு பக்கமும் போர்க்கப்பல்களோடு சேர்த்துக் கட்டி, ஆகஸ்ட் 15, மாதா திருநாளன்று துறைமுகத்துக்குள் இழுத்து வந்தார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். இன்றும் மிச்ச ரொட்டியை டிஷ்யூவில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். எறும்பு வருகிறது என்று சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குவது நான்.

‘பாட்டி கதையெல்லாம் வரலாறா?’ என்று கிளம்பிவிடாதீர்கள். தேதியும் கப்பல் கணக்கும் பதிவில் உள்ளவை. அப்பாவின் தோள் மட்டும்தான் பாட்டியுடையது.

சரி, ஒரு நாட்டை இப்படிக் காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் வாடகை வாங்குவதில் மட்டும் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எல்லாரையும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன். இங்கே பழைய வீடுகள் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் கட்டியவை. குளிர்காலத்தில் சுவர் ஈரத்தை உறிஞ்சும். கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை ஏறும். நான் குடிவரும் முன்பே ஏறியிருந்த பூஞ்சையைக் காட்டி, அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். கேட்டால், ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டுமாம். ஜனவரியில்!

அதனால் வருகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கட்டிலை நகர்த்திப் பின்பக்கத்தையும் எடுங்கள்.