மாலையில் மட்டும் அறுந்துபோகும் குரல்

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறோம். வீட்டுத் தொலைபேசி இணைப்பை நிறுத்திவிட்டு, பழைய தொலைபேசியையே இணைய அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறோம். பகலில் குறையில்லை. மாலையானால் எங்கள் குரல் அறுந்து அறுந்து கேட்பதாக மறுமுனையில் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குத் தெளிவாகவே கேட்கிறது. இணைய வேகம் 150 மெகாபிட். அடாப்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அடாப்டர் பழுதென்றால் பகலிலும் படுத்தும். மாலையில் மட்டும், அதுவும் உங்கள் குரல் மட்டும் அறுகிறது என்றால் பதிவேற்றப் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் 150 மெகாபிட் பதிவிறக்க வேகம். கேபிள் இணைப்பாக இருந்தால் பதிவேற்றத்துக்குக் கிடைப்பது அதில் சிறு பங்குதான். ஆனாலும் குரலுக்கு அது தாராளம். அடாப்டர் உங்கள் பேச்சை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. குரலைத் தரவாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் இதற்கு 100 கிலோபிட்கூடத் தேவையில்லை.

சிக்கல் பாதையின் அகலத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. மாலையில் பிள்ளைகளின் கைப்பேசிகள் வீட்டு வைஃபையைப் பிடித்ததும், பகலெல்லாம் எடுத்த படங்களும் காணொளிகளும் மேலேறத் தொடங்கும். பலசரக்குக் கடையில் வண்டி நிறையச் சாமானுடன் நிற்பவருக்குப் பின்னால், ஒரு கட்டுக் கறிவேப்பிலையுடன் காத்திருப்பவரின் நிலைதான் உங்கள் குரலுக்கு. படம் அரை வினாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது. பிந்தி வந்த குரல் பொட்டலத்தையோ மறுமுனைக் கருவி வீசிவிடும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

சோதித்துப் பாருங்கள். தரவு போய்வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிங் (ping) கட்டளையைக் கணினியில் ஓடவிட்டு, கூடவே பெரிய காணொளி ஒன்றைப் பதிவேற்றுங்கள். 20 மில்லிவினாடி அளவில் இருந்த எண் 300, 400 என்று தாவினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

தீர்வு ரவுட்டரில். சேவைத் தர முன்னுரிமை (QoS) என்ற அமைப்பில் அடாப்டருக்கு முதலிடம் கொடுங்கள். பதிவேற்ற வேகத்துக்கு ஓர் எல்லையும் வையுங்கள்: அளந்து கிடைத்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம். வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதா என்று வீட்டில் கேட்பார்கள். குறைத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல், முன்னுரிமை தெரிந்த ரவுட்டரில் நிற்கும். உங்கள் ரவுட்டரில் இந்த வசதி இல்லையென்றால், அடாப்டருக்குச் செலவிட நினைத்த பணத்தை ரவுட்டருக்குச் செலவிடுங்கள். அடாப்டர் வைஃபையில் ஓடினால் கம்பிக்கு மாற்றுங்கள்.

குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறைக்கு மாறச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். பொட்டலம் சிறிதாகும், ஆனால் அதே வரிசையில்தான் நிற்கும். குரலின் தரம் குறைவதுதான் மிச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்று: அடாப்டரிலிருந்து அவசர உதவிக்கு 911 அழைத்தால், நீங்கள் பதிவுசெய்த முகவரியைத்தான் அழைப்பை எடுப்பவர்கள் பார்க்க நேரலாம். வீடு மாறியிருந்தால் இன்றே திருத்துங்கள். பழைய கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. இப்போது வீட்டில் மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும். மின்கலக் காப்பு (UPS) வாங்குவதென்றால் மோடம், ரவுட்டர், அடாப்டர் மூன்றையும் அதில் செருகுங்கள். அடாப்டரை மட்டும் செருகிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.