ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி கிடையாதா? ஷார்ஜா பள்ளி ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: நான் மதுரையைச் சேர்ந்த இயற்பியல் ஆசிரியை. 2022 செப்டம்பர் 1 முதல் ஷார்ஜாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். 2024 செப்டம்பரில் மேலும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்தார்கள். மொத்தச் சம்பளம் 5,500 திர்ஹம், அதில் அடிப்படைச் சம்பளம் 2,500. அபுதாபியில் வேறொரு பள்ளியில் ஏப்ரலில் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. 2026 மார்ச் 31 அன்று விலகுவதாக ஜனவரி 15 அன்று கடிதம் கொடுத்தேன். முதல்வர் வாங்க மறுத்துவிட்டார். ஜனவரி 20 அன்று அதையே எச்.ஆருக்கு ஈமெயிலில் அனுப்பினேன். ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலம் 60 நாள். ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை இருப்பதால் இரண்டு மாதச் சம்பளமும் விசா செலவு 6,000 திர்ஹமும் கட்ட வேண்டும் என்கிறார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை, லேபர் பேன் (புது வேலை அனுமதிக்குத் தடை) போடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். பாஸ்போர்ட் பள்ளி லாக்கரில் இருக்கிறது. "பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுபவச் சான்றிதழாம். வேலைக்கு வரும்போது மதுரை ஏஜெண்டுக்கு 1,50,000 ரூபாய் கொடுத்தேன். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, பயப்படாதீர்கள். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சட்டத்தில் நிற்காது. ஆனால் இன்றிலிருந்து மார்ச் கடைசி வரை நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள், எதில் போடாமல் இருக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

முதலில் நோட்டீஸ். அமீரகத்தில் இப்போது நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. நியாயமான காரணத்தோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அந்தக் காலம் முழுவதும் வேலை செய்தால், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே இரு தரப்பில் யாரும் விலகலாம் என்கிறது 43ஆவது பிரிவு. நோட்டீஸ் 30 நாளுக்குக் குறையக் கூடாது, 90 நாளுக்கு மேல் போகக் கூடாது. உங்களுடைய 60 நாள் அதற்குள் அடங்குகிறது. முதல்வர் வாங்காத கடிதத்தை நம்ப வேண்டாம். ஜனவரி 20 ஈமெயிலையே தொடக்கமாக வையுங்கள். அதிலிருந்து 60 நாள் மார்ச் 21 அன்று முடிகிறது. மார்ச் 31 வரை வேலை செய்தால் பத்து நாள் கூடுதலாகவே கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு மாதச் சம்பளம் என்பது நோட்டீஸ் கொடுக்காமல் போகிறவர் கட்ட வேண்டிய ஈடு. முழு நோட்டீஸும் கொடுத்து வேலை செய்கிறவரிடம் அதைக் கேட்க இடமே இல்லை. பள்ளி உங்கள் ராஜினாமாவை "ஏற்க" வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் இல்லை.

அந்த ஈமெயிலை உங்கள் சொந்த ஐடிக்கும் அனுப்பி வையுங்கள். விலகும் நாளன்று பள்ளி ஐடியை முடக்கிவிட்டால் ஆதாரம் கையை விட்டுப் போகும்.

விசா செலவு 6,000 திர்ஹம் வேண்டாத கணக்கு. ஆளெடுப்பு, வேலைக்கமர்த்தல் செலவை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்கிறது 6ஆவது பிரிவு. அப்படி ஒரு நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், சட்டத்துக்கு முரணான நிபந்தனை செல்லாது. ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் பலம் குறைவு: ஊர் திரும்பும் விமான டிக்கெட். நீங்களாக விலகி வேறு முதலாளியிடம் சேர்வதால் அதைக் கேட்க வேண்டாம். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு டிக்கெட் என்று தனியாக எழுதியிருந்து, அது பாக்கி இருந்தால் அது வேறு; அதைக் கேளுங்கள்.

கிராஜுவிட்டி விஷயத்தில் பள்ளிகள் இன்னும் பழைய பாட்டையே பாடுகின்றன. 1980ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டத்தில், காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர் ஐந்து ஆண்டு முடியும் முன் தானாக விலகினால் பணிக்கொடை கிடையாது என்று இருந்தது. அந்தச் சட்டம் போய்விட்டது. இன்றைய 51ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஓராண்டு வேலை செய்த எவருக்கும் உண்டு. ராஜினாமா செய்தால் குறைப்பு இல்லை. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,500ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 83.33 திர்ஹம். 21 நாளுக்கு 1,750. நீங்கள் வேலை செய்திருப்பது 3 ஆண்டு 7 மாதம். மூன்று ஆண்டுக்கு 5,250, ஏழு மாதத்துக்கு 1,020.83, மொத்தம் 6,270.83 திர்ஹம். சம்பளமில்லா விடுப்பில் போன நாட்கள் இருந்தால் சேவைக் காலத்திலிருந்து கழியும். 5,500ஐ வைத்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி எதுவும் இதில் சேராது. புதிய பள்ளியின் ஆஃபரைப் பார்க்கும்போதும் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். 7,000 திர்ஹம் தருகிறோம் என்று சொல்லி அடிப்படையை 2,000 என்று போடுகிற பள்ளிகள் உண்டு.

இதோடு எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணமும் உண்டு. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் பெரும்பாலும் அதைக் கழித்துவிடுவார்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதத்துக்கு 17.5 நாள் சேர்ந்திருக்கும். குளிர்கால விடுமுறையை ஆண்டு விடுப்பாகக் கணக்கில் எழுதவில்லையென்றால், அதற்கு 1,458.33 திர்ஹம் வர வேண்டும்.

இந்தப் பணத்தையெல்லாம் வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது 53ஆவது பிரிவு. சிக்கல் இங்கேதான் வரும். வேலை அனுமதியை ரத்து செய்யும் தாளில் "எனக்குச் சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். "இதைப் போட்டால்தான் கேன்சல் ஆகும், பணம் அடுத்த வாரம் வந்துவிடும், அபுதாபியில் சேரத் தாமதமாகிவிடுமே" என்று அவசரப்படுத்துவார்கள். பணம் வங்கிக் கணக்கில் வராமல் அதில் கையெழுத்திடாதீர்கள். பெற்றதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பெறவில்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு. கையெழுத்தும் பணமும் ஒரே நாளில் நடக்கட்டும். வேறு வழியே இல்லாமல் முன்னதாகக் கையெழுத்திட நேர்ந்தால், அதற்கு முன்பே எந்தெந்தத் தொகை வரவில்லை என்று எச்.ஆருக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். "ரொக்கமாகப் பெற்றேன்" என்ற தாளை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். புதிய பள்ளியிடம் இப்போதே பேசி, சேரும் தேதியில் மூன்று வாரம் இடைவெளி கேட்டு வாங்குங்கள். அந்த இடைவெளி இருந்தால் உங்கள் கை நடுங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே வங்கிக் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், கடைசிக் கணக்குப் பணம் விழுந்ததும் வங்கி அக்கவுண்டை முடக்கக்கூடும். முன்கூட்டியே வங்கிக்குப் போய்ப் புதிய வேலைக் கடிதத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

லேபர் பேன் என்பது பள்ளி நினைத்தவுடன் போடக்கூடியது அல்ல. போடும் அதிகாரம் மனிதவள அமைச்சகத்துக்குத்தான், அங்குள்ளவர்கள் மோஹ்ரே என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவருக்குத்தான் ஓராண்டு வேலை அனுமதி மறுக்கப்படும். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராமலும், எங்கே இருக்கிறார் என்று தெரியாமலும் இருந்தால்தான் பள்ளி அப்ஸ்காண்டிங் (தலைமறைவு) புகார் கொடுக்கலாம். ஆகவே மார்ச் 31 வரை ஒரு நாளும் காரணமின்றித் தவறாதீர்கள். உடம்புக்கு முடியவில்லையென்றால் மருத்துவச் சான்றிதழை அன்றே ஈமெயில் செய்யுங்கள். வாக்குவாதத்தில் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வரும் வரை போய் வருகைப் பதிவு செய்யுங்கள். விடைத்தாள் மதிப்பெண், ஆய்வகப் பொருட்கள், லேப்டாப், நூலகப் புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். கிளியரன்ஸ் தாளில் ஒரு கையெழுத்து குறைகிறது என்று இழுத்தடிப்பது வழக்கமான தந்திரம்.

பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்திருக்கவே கூடாது. தொழிலாளியின் அதிகாரபூர்வ ஆவணங்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது 13ஆவது பிரிவு. இந்தியச் சட்டப்படி பார்த்தாலும், 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவில் பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. மூன்று நாளுக்குள் திருப்பித் தருமாறு எழுதிக் கேளுங்கள். தரவில்லையென்றால் மோஹ்ரேயிடம் புகார் கொடுங்கள். துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலும் சொல்லுங்கள், ஷார்ஜா அதன் எல்லைக்குள் வருகிறது. அவர்களுடைய உதவி மையத்தின் இலவச எண் 800 46342. பள்ளியிடம் இருக்கும் பாஸ்போர்ட்டைத் "தொலைந்துவிட்டது" என்று சொல்லிப் புதிதாக வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது அதே பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். பட்டச் சான்றிதழ்களின் அசல் பள்ளியிடம் இருந்தால் அதே கடிதத்தில் அவற்றையும் சேருங்கள். அபுதாபிப் பள்ளி உங்களுக்காக அந்த ஊர்க் கல்வித் துறையான அடெக்கின் ஒப்புதல் கேட்கும்போது அவை தேவைப்படும்.

அனுபவச் சான்றிதழையும் நீங்கள் கேட்டால் கட்டணமின்றித் தர வேண்டியது பள்ளியின் கடமை. சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, கடைசிச் சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பெயரைக் கெடுக்கும் வாசகம் எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு விலையாக "பாக்கி இல்லை" கடிதம் கேட்பது முறையல்ல.

பேச்சு பலிக்காவிட்டால் மோஹ்ரே செயலியிலோ 80084 எண்ணிலோ புகார் பதியலாம். முதலில் 14 நாளுக்குள் சமரசம் பேசிப் பார்ப்பார்கள். 2024 ஜனவரி முதல், 50,000 திர்ஹம் வரையான கோரிக்கைகளில் அமைச்சகமே நிறைவேற்றத்தக்க முடிவெடுக்கலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்கிவிடுகிறது. நீதிமன்றம் போக நேர்ந்தாலும் 1,00,000 திர்ஹம் வரையான தொழிலாளர் வழக்குக்குக் கட்டணம் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் உரிமை கோர வேண்டும்.

ஏஜெண்ட் விஷயம் இந்தியாவில் தீர்க்க வேண்டியது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. மீதி 1,14,600 ரூபாயைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முகாந்திரம் உண்டு. வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது எது இருந்தாலும் சேர்த்து இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அவர் பதிவே இல்லாத ஏஜெண்ட் என்றால், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அதுவே குற்றம். மதுரைக் காவல்துறையிலும் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக, அபுதாபி வேலையின் அதிகாரபூர்வ ஆஃபர் தாளை மோஹ்ரே வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவது மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. பள்ளியின் சொந்தக் கடிதத்தில் எழுதியதும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று வரிக்கு வரி பாருங்கள். வேறு பள்ளியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் எவ்வளவு காலம், எந்த இடம் என்று தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டப்படி அது இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இப்போதைய ஒப்பந்தத்திலும் அதே நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பி வையுங்கள், அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.