டோர்ட்மண்டில் இருக்கும் மகளை எசன் விலாசத்தில் பதியலாமா?

கேள்வி: கணவனோடு சேர்ந்து வாழும் விசாவில் மகள் ஜேர்மனி போய் ஒன்பது நாளாகிறது. மருமகன் டோர்ட்மண்டில் வாடகை வீட்டில் இருக்கிறார். நகர அலுவலகத்தில் பதிய வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதம் வேண்டுமாம். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது என்று அவர் தர மறுக்கிறார். எசனில் உள்ள உறவினர் தன் விலாசத்தில் பதியச் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு தாய், பாலையூற்று, திருகோணமலை

பதில்: வேண்டாம் அம்மா. உறவினர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பதிபவர் உண்மையில் குடியிருக்காத தன் வீட்டு விலாசத்தைப் பதிவுக்குக் கொடுப்பவருக்கு ஜேர்மனியின் பதிவுச் சட்டப்படி 50,000 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து மகளுக்கு. கணவனோடு வாழவென்று விசா எடுத்தவர் வேறு நகரத்தில் பதிந்தால், இருவரும் உண்மையில் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று வெளிநாட்டவர் அலுவலகம் சந்தேகப்படும்.

நம் ஊரில் ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஆளைத் தெரிந்து வதிவிடச் சான்றிதழ் தருவார். அங்கே அப்படி இல்லை. 2015 நவம்பர் 1 முதல், வீட்டைக் கொடுத்தவர் எழுதித் தரும் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற கடிதம் இல்லாமல் பதிவு முழுமையாகாது. வீட்டின் விலாசம், கொடுத்தவரின் பெயரும் விலாசமும், குடிவந்தவரின் பெயர், குடிபுகுந்த திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. அதில் மகள் எப்போது குடிவந்தார் என்பது இல்லையே. இரண்டு வாரக் கெடுவும் குடிபுகுந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. இன்னும் ஐந்து நாள் கையில் இருக்கிறது.

வீட்டுக்காரர் சொல்லும் காரணம் நிற்காது. ஜேர்மனிய வாடகைச் சட்டத்தில் மனைவி வெளியாள் அல்ல. அவரைக் கூட்டிவர அனுமதி கேட்கத் தேவையில்லை, அறிவித்தால் போதும்; வீடு ஆட்களுக்கு மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் வேறு கதை. மருமகன் இன்றே ஒரு கடிதம் எழுதட்டும்: மனைவி இன்ன திகதியில் குடிவந்தார், உறுதிக் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று. நகரசபையின் வெற்றுப் படிவத்தையும் கூடவே வைத்தால் பலர் மறுபேச்சின்றி ஒப்பமிடுவார்கள். அப்போதும் மறுத்தால், மகள் அதைத் தாமதிக்காமல் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது அவருடைய சட்டக் கடமை, அவருக்கான பாதுகாப்பும் இதுவே. அதன்பின் கேள்வி வீட்டுக்காரரிடம் போகும்; மறுப்பவருக்கு 1,000 யூரோ வரை தண்டம் உண்டு.

கடிதம் வரட்டும் என்று காத்திருந்து, அதன்பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போக நேரம் முன்பதிவு செய்வதுதான் பலர் செய்யும் பிழை. கிடைக்கும் நேரத்தை இப்போதே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். அது இரண்டு வாரம் தாண்டி விழுந்தாலும், முன்பதிவு மின்னஞ்சல் கையில் இருந்தால் பொதுவாகத் தண்டம் கேட்பதில்லை.

போகும்போது கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பு மூன்றும் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அங்கு நீதிமன்றத்தில் உறுதியெடுத்தவராக இருக்கட்டும். திருமணம் நிரூபிக்கப்படாவிட்டால், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் வரி வகுப்பு மாறுவதும் நின்றுவிடும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் தந்தை பெயர் இருந்து, திருமணச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி வரும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் புதுப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுத்து இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இங்கிருந்து உங்களால் செய்யக்கூடிய உதவி இதுதான்.

படிவத்தில் சமயம் கேட்பார்கள். ரோமன் கத்தோலிக்கர் என்று பதிந்தால், மகள் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 9 வீதம் திருச்சபை வரியாகவும் பிடிபடும். உள்ளதை உள்ளபடி எழுதட்டும், ஆனால் தெரிந்துகொண்டு எழுதட்டும். இந்துக்களுக்கு இந்த வரி இல்லை.

பதிவு வதிவிட அனுமதி ஆகாது. விசா முடியும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் கடிதங்களும், 11 இலக்க வரி எண்ணும் தபாலில்தான் வரும். பாலையூற்றில் தபால்காரர் வீட்டைத் தெரிந்து கொடுப்பார். அங்கே பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். மருமகனின் பெயருக்குக் கீழே மகளின் பெயரையும், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே, இன்று ஒட்டச் சொல்லுங்கள்.