முழங்கால் வலிக்கு எந்த உடற்பயிற்சி மெஷின்? கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் முழங்கால் வலிக்காரர்கள்தான், அதனால் இந்தக் கேள்விகள் எனக்கு ரொம்ப வேண்டியவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: அம்மாவுக்கு 62 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். டாக்டர் நடக்கச் சொல்கிறார், மழை பெய்தால் எங்கள் தெருவில் கால் வைக்க முடியாது. டிரெட்மில் வாங்கலாமா மேடம்?

டிரெட்மில் வேண்டாம், சைக்கிள் வாங்குங்கள். சமதளத்தில் நடக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. டிரெட்மில் பெல்ட் ரோட்டைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான், எடை காலில்தான் நிற்கும். சைக்கிளில் அந்த எடையைச் சீட் வாங்கிக்கொள்கிறது. அம்மா வயதுக்கு நான் சொல்வது ரிகம்பன்ட் சைக்கிள், அதாவது முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பது. ஆனால் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள், அம்மாவைக் கடைக்கே கூட்டிப் போங்கள். நடுவில் இருக்கும் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டியிருக்கிறதா, யாரும் கை கொடுக்காமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கக் கஷ்டப்பட்டால் எவ்வளவு நல்ல மெஷினும் பத்தே நாளில் மூலைக்குப் போய்விடும். அப்புறம், புடவையோ நைட்டியோ பெடலில் மாட்டும், ஓட்டும்போது சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரம்பூரிலிருந்து: வீட்டில் சாதா எக்சர்சைஸ் சைக்கிள் இருக்கிறது. பத்து நிமிடம் மிதித்தாலே முட்டிச் சில்லுக்குக் கீழே வலிக்கிறது. ரிகம்பன்டுக்கு மாற்றிவிடலாமா?

அவசரப்பட்டுச் செலவு செய்யாதீர்கள், முதலில் சீட்டை ஏற்றிப் பாருங்கள். சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அதிகமாக மடங்கி, சில்லு தொடை எலும்போடு அழுந்தும், முன்பக்கம் வலிப்பதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். ஓட்டும்போது போடும் ஷூவோடு உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதில் குதிகாலை வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் அடிமட்டத்தில் முட்டி லேசாக, 25 முதல் 35 டிகிரி அளவுக்கு, மடங்கியிருக்கும். இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினாலோ முட்டிக்குப் பின்னால் இழுத்தாலோ கூடுதலாக ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு துளை இறக்குங்கள். ரெசிஸ்டன்ஸ் குமிழையும், அதாவது பெடலை இறுக்கவும் தளர்த்தவும் திருப்பும் குமிழையும், பாருங்கள். இறுக்கி வைத்து மெதுவாக மிதித்தால் நல்ல பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள், வலிக்கிற முட்டிக்கு அது எதிரி. லேசாக வைத்து நிமிடத்துக்கு 60, 70 சுற்று மிதியுங்கள். இரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் வலித்தால் அப்போது ரிகம்பன்ட் பற்றி யோசிக்கலாம்.

பெசன்ட் நகரிலிருந்து: என் உயரம் 5 அடி 10 அங்குலம், வலி லேசாகத்தான். எலிப்டிகல் சரியா?

உங்களுக்குச் சரி. எலிப்டிகல் என்பது நின்றபடி இரண்டு பெடலையும் நீள்வட்டமாக முன்னும் பின்னும் தள்ளுகிற மெஷின். நின்றுகொண்டே செய்வதால் எடை காலில் இருக்கும், ஆனால் பாதம் பெடலை விட்டு எழும்பாது, அதனால் தொம் தொம்மென்று இறங்கும் அதிர்ச்சி இல்லை. உங்கள் உயரத்துக்கு ஸ்ட்ரைட் நீளம், அதாவது பெடல் முன்னும் பின்னும் போகும் தூரம், 18லிருந்து 20 அங்குலம் வேண்டும். விலை குறைந்தவற்றில் இது குட்டையாக இருக்கும், மாடிப்படி ஏறுவதுபோல் முட்டி மடங்கிக்கொண்டே இருக்கும். கடல் பக்கத்து வீடு என்பதால் பால்கனியில் வைக்காதீர்கள், உப்புக்காற்றுக்குத் துரு பிடித்துவிடும். உள்ளே வைத்தாலும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள்.

வளசரவாக்கத்திலிருந்து: ரோயிங் மெஷின்?

உட்கார்ந்து படகுத் துடுப்பு போடுவதுபோல் இழுக்கும் மெஷின் அது, இப்போதைக்கு வேண்டாம். முட்டி முழுசாக மடங்கும், தரையோடு இருக்கும் சீட்டிலிருந்து எழுவதும் சிரமம்.

அம்பத்தூரிலிருந்து: எடை 104 கிலோ, பட்ஜெட் கம்மி. செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா அக்கா?

தாராளமாக. மெஷின் தாங்கும் எடை உங்கள் எடையைவிட 15, 20 கிலோவாவது கூட இருக்க வேண்டும், அதனால் 100 கிலோ என்று போட்ட மடக்கு சைக்கிள் பக்கம் போகாதீர்கள். நேரில் போய் ஐந்து நிமிடம் மிதியுங்கள். பெடல் ஆடுகிறதா, கடகடவென்று சத்தம் வருகிறதா, குமிழைத் திருப்பினால் உண்மையிலேயே இறுகுகிறதா? கையால் திருப்பும் குமிழ் உள்ள, காந்தத்தால் இறுக்கம் தரும் மேக்னடிக் மாடல் என்றால் நல்லது, சத்தம் குறைவு, கரன்ட் போனாலும் மிதிக்கலாம்.

தாம்பரத்திலிருந்து: அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். சைக்கிள் மிதிக்கலாமா?

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். பெடல் முழுச் சுற்று வர முட்டி சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். அதுவரை முன்னும் பின்னும் அரைச்சுற்று ஆட்டினால் போதும், இடுப்பைத் தூக்கிக் கட்டாயப்படுத்திச் சுற்ற வைக்காதீர்கள்.

கொளத்தூரிலிருந்து: தினம் எவ்வளவு நேரம்? வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி. அது போகவேண்டிய இடம், முதல் நாளே அல்ல. பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பாட முடியாது, பேச முடியும் என்கிற அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரி. சென்னைப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் செய்யவே கூடாது. லேசான வலி வந்து சீக்கிரம் அடங்கிவிட்டால் பயமில்லை, தொடருங்கள். மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, மடக்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மெஷினை விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.