ஒரே கவுண்டர், இரண்டு சம்பளம்: யூனியன் கடையில் புதியவர்களுக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் ஒரு பெரிய பலசரக்குக் கடையில் மூன்று வருடமாகப் பகுதிநேரக் காசாளராக இருக்கிறேன். யூனியன் உள்ள கடை. கிழமைக்கு 20 மணித்தியாலம் வரும், மணிக்கு 17.60 டொலர். பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் அக்கா 1998இல் சேர்ந்தவர். அவரும் பகுதிநேரம்தான், ஆனால் 25 டொலருக்கு மேல் எடுக்கிறார். போன கிழமை சேர்ந்த பிள்ளைக்கும் எனக்கும் ஒரே சம்பளம். சந்தா மட்டும் எல்லோரிடமும் பிடிக்கிறார்கள். கம்பனி மீதோ யூனியன் மீதோ வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று அக்காவுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி. மற்றது புதிய பிள்ளைக்கும் உங்களுக்கும் இடைவெளியே இல்லாமல் போனது. நான் முதலில் கவனிக்கச் சொல்வது இரண்டாவதை.

யூனியனும் கம்பனியும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சம்பள அட்டவணை இருக்கும். பலசரக்குக் கடைகளில் படி ஏறுவது பெரும்பாலும் வருடக் கணக்கில் அல்ல, வேலை செய்த மணிக் கணக்கில். உதாரணத்துக்கு, அடிப்படைச் சம்பளம் (சட்டப்படி கொடுக்கவேண்டிய மிகக் குறைந்த மணிச் சம்பளம்) 16.55 டொலரில் இருந்தபோது எழுதிய அட்டவணை ஒன்றை எடுப்போம். 750 மணிக்கு ஒருமுறை 25 சதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் உங்களுக்கு ஏறக்குறைய 3,120 மணி சேர்ந்திருக்கும். அதாவது நான்கு படி ஏறி 17.55க்கு வந்திருப்பீர்கள். 2025 ஒக்டோபர் 1 முதல் ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளமே 17.60. நீங்கள் ஏறிய நான்கு படிகளும் அதற்குள் மூழ்கிவிட்டன. அடுத்த படிக்கு இன்னும் 630 மணி, உங்கள் வேகத்தில் ஏழு மாதத்துக்கு மேல். அடிப்படைச் சம்பளமோ ஒவ்வொரு ஒக்டோபரிலும் விலைவாசிக்கேற்ப ஏறுகிறது. உங்கள் அட்டவணையின் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் நடந்திருப்பது இதுதான்.

அதனால் முதல் வேலை மணிகளை எண்ணுவது. சம்பளத் துண்டுகளை எடுத்துக் கூட்டுங்கள். இன்றைய திகதியில் எனக்கு எத்தனை மணி வரவு வைக்கப்பட்டுள்ளது என்று மனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதியைக் கடையிலுள்ள யூனியன் பிரதிநிதியிடம் (ஸ்டூவர்ட்) கொடுங்கள். பிழை வழக்கமாக வரும் இடங்கள்: வேறு டிபார்ட்மெண்டுக்கோ வேறு கிளைக்கோ மாறும்போது பழைய மணி விடுபடுவது, விடுமுறைச் சம்பளம் எடுத்த நாட்களை ஒப்பந்தம் சேர்க்கச் சொல்லியும் சேர்க்காதது, முந்திய கடை அனுபவத்துக்கு ஒப்பந்தம் தரும் படியைக் கொடுக்காதது. பிரசவ விடுப்பு எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் காலத்தைச் சேவைக் காலத்திலும் சீனியோரிட்டியிலும் (பணி மூப்பு) சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்ராறியோவின் வேலைத் தராதரச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. மணிக் கணக்கிலான படிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது வாதத்துக்குரியது, ஆனால் கேட்காமல் விடவேண்டாம்.

பிழை கண்டால் கிரீவன்ஸ் போடுங்கள், அதாவது ஒப்பந்தம் மீறப்பட்டது என்று யூனியன் வழியாக எழுத்தில் முறையிடுங்கள். அதற்குரிய நாட் கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்கும், சில இடங்களில் சில நாட்கள்தான். பலர் தடுக்கி விழுவது இங்கே: நேரே தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கூட்டு ஒப்பந்தத்துக்குள் இருப்பவர் அங்கே முறையிட முடியாது என்று அதே சட்டத்தின் 99ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குள் கிரீவன்ஸ் காலமும் போய்விடும். கிரீவன்ஸை விசாரிக்கும் நடுவர் காலத்தை நீடிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது.

இனி அக்காவின் 25 டொலர். அந்த இடைவெளியை மட்டும் காட்டி ஒன்ராறியோவில் வழக்கு வெல்ல முடியாது. பகுதிநேரம் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்ற விதி 2018 ஏப்ரல் 1இல் வந்தது, அடுத்த அரசு 2019 ஜனவரி 1 முதல் அதை நீக்கியது. அந்த விதி இருந்தபோதுகூட சீனியோரிட்டி விலக்காக இருந்தது, மணிக் கணக்கு சீனியோரிட்டியும் அதில் அடக்கம். உங்கள் விடயத்தில் இருவருமே பகுதிநேரம் என்பதால் அது எப்படியும் உதவியிராது. ஆண், பெண் வேறுபாட்டுக்கான பாதுகாப்பு இன்னும் உண்டு, அது உங்கள் கேள்வி அல்ல. வயதுப் பாகுபாடு என்று மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குப் போனால், வித்தியாசம் சேர்ந்த திகதியால் வந்தது, வயதால் அல்ல என்பார்கள். அதைத் தாண்டுவது மிகக் கடினம்.

கியூபெக்கில் கதை வேறு. அங்கே தொழில் தராதரச் சட்டத்தின் 87.1 பிரிவு, ஒரே இடத்தில் ஒரே வேலை செய்பவர்களைச் சேர்ந்த திகதியை மட்டும் வைத்துச் சம்பளத்தில் பிரிக்கக்கூடாது என்கிறது. சீனியோரிட்டியால் வரும் வித்தியாசம் அங்கேயும் செல்லும். புதியவர் எத்தனை வருடம் உழைத்தாலும் பழையவரின் உச்சத்தைத் தொடவே முடியாத தனி அட்டவணைதான் அங்கே பிழை. ஒன்ராறியோவில் இப்படி ஒரு விதி இல்லாதது பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து.

யூனியன் மீது முறையிடுவதா? தொழில் உறவுகள் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி யூனியன் தன்னிச்சையாக, பாகுபாட்டோடு, கெட்ட எண்ணத்தோடு நடக்கக்கூடாது. உங்கள் கிரீவன்ஸைப் பார்க்காமலே மூடினால் தொழில் உறவுகள் சபைக்குப் போகலாம். தாமதிக்கவேண்டாம், நீண்ட தாமதத்தையே காரணமாக வைத்துச் சபை தள்ளிவிடும். ஆனால் புதியவர்களுக்குக் குறைந்த அட்டவணைக்கு யூனியன் சம்மதித்தது மட்டும் இந்தப் பிரிவை மீறியதாகாது.

அந்த அட்டவணை எப்படி வந்தது என்று பாருங்கள். பேச்சுவார்த்தையில் கம்பனி, இப்போது இருப்பவர்களின் சம்பளத்தைத் தொடமாட்டோம், இனி வருபவர்களுக்கு மட்டும் குறைப்போம் என்று கேட்கும். வாக்களிப்பவர்கள் அன்றைக்கு இருப்பவர்கள். இனி வரப்போகிற உங்களுக்கு அன்றைக்கு வாக்கு இல்லை. இப்போது உண்டு. ஒப்பந்தத்தை ஏற்கும் வாக்கெடுப்பு இரகசியமாக நடக்க வேண்டும், பகுதிநேரத்தார் உட்பட அந்த ஒப்பந்தத்துக்குள் வரும் அத்தனை பேரும் வாக்களிக்கலாம். 2023 கோடையில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் மெட்ரோ என்ற பலசரக்குக் கம்பனியின் 27 கடைகளில் சுமார் 3,700 பேர், யூனியன் பரிந்துரைத்த உடன்பாட்டையே நிராகரித்து ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஒப்பந்தம் முடியும் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய 90 நாட்களில் புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை அறிவித்தல் கொடுக்கலாம், ஆகவே கோரிக்கைகளை யூனியனிடம் அதற்கும் முன்பே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு படியும் அன்றைய அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் இத்தனை சதம் என்று ஒரு வாசகம், படிக்குரிய மணிகளைக் குறைப்பது, இரண்டு அட்டவணையும் ஒரே உச்சத்தில் சந்திப்பது: இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். அக்காவிடமும் பேசுங்கள். அவருடைய சம்பளத்தில் ஒரு சதமும் குறையாமல் இவற்றைச் செய்யலாம், அவருடைய வாக்கும் உங்களுக்குத் தேவை.

அதுவரை எல்லோரும் சேர்ந்து ஷிஃப்ட் மறுப்பது, மெதுவாக வேலை செய்வது வேண்டாம். ஒப்பந்தக் காலத்தில் அதுவும் சட்டவிரோத வேலைநிறுத்தம்தான். வேலை போகலாம்.