வாசகர் கேள்வி: செத்தவன் பெயரில் ஒரு பிழைப்பு

கேள்வி: நண்பர் சொன்னாரே என்று ‘சிஸ்வே பான்சி இஸ் டெட்’ நாடகத்தைப் படித்தேன். தென்னாப்பிரிக்க நிறவெறி பற்றியது என்றார். ஆனால் ஆரம்பத்தில் ஒருத்தன் நின்ற இடத்திலேயே ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறான். அரசியல் எங்கே? (வாசகர், திருச்சி)

பதில்: ஜோக்கில்தான். அவன் பெயர் ஸ்டைல்ஸ். போர்ட் எலிசபெத்தில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்த நியூ பிரைட்டனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான், அதற்கு முன் ஃபோர்டு கார் கம்பெனியில் வேலை. அமெரிக்காவிலிருந்து பெரிய முதலாளி வருகிறார் என்று தரையெல்லாம் கழுவி, புது உடுப்பு கொடுத்து, சந்தோஷமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பாருங்கள் என்கிறார்கள்; வெள்ளைக்கார மேற்பார்வையாளர் சொல்வதை இவன் மொழிபெயர்க்கிறேன் பேர்வழி என்று அவரையே வைத்துக் கலாய்க்கிறான், அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. முதலாளி வந்த வேகத்தில் போய்விடுகிறார். அந்தக் காட்சியில் அவ்வளவு சூடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்டைல்ஸாக நடித்த ஜான் கனி நிஜமாகவே ஃபோர்டில் வேலை பார்த்தவர்.

கேள்வி: செத்தவனுடைய பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயரை விட்டுவிடுகிறானே சிஸ்வே. இது ஜெயிப்பா, தோல்வியா? (வாசகர், மதுரை)

பதில்: ஜெயிப்பு என்று நான் சொல்லமாட்டேன், தவணை வாங்குகிறான், அவ்வளவுதான். படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாஸ் புத்தகம் என்பது, எங்கே இருக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்று குறித்து, கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருந்தாக வேண்டிய அடையாளப் புத்தகம். கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து வேலை தேடி வந்த சிஸ்வேயின் புத்தகத்தில், மூன்று நாளில் ஊரைக் காலி செய் என்று முத்திரை விழுந்துவிட்டது. பன்ட்டு என்பவனோடு குடித்துவிட்டு இருட்டில் வரும்போது ஒரு பிணம். பையில் பாஸ், அதில் வேலை தேட அனுமதி. பன்ட்டு இரண்டு புத்தகத்திலும் போட்டோவைப் பிய்த்து மாற்றி ஒட்டிவிடுகிறான். என் பெயரை விடமாட்டேன் என்று சிஸ்வே முரண்டு பிடிக்க, வெள்ளைக்காரன் உன்னை என்றைக்கு மனுஷனாகப் பார்த்தான், இப்போதே நீ பேய்தானே என்று பன்ட்டு மடக்குகிற இடம்தான் நாடகத்தின் உயிர். இந்தக் குறுக்குவழி கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் 1960-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துப் போலீஸ் ஸ்டேஷன் முன் திரண்டவர்களில் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். (அதற்கும் முன்னால், 1908-இல், ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியோடு சேர்ந்து பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்திய இந்தியர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.) என்றாவது கைரேகை எடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று சிஸ்வேக்கே தெரியும். வம்பில் மாட்டாமல் இரு என்கிறான் பன்ட்டு. கறுப்பனாகப் பிறந்தவனுக்கு அது முடிகிற காரியமா என்று இவன் கேட்கிறான், அதற்குப் பன்ட்டுவிடம் பதில் இல்லை.

கேள்வி: அந்த அரசாங்கம் எப்படி இதை மேடையேற விட்டது? (வாசகர், கோவை)

பதில்: முதலில் போட்டது 1972 அக்டோபரில், கேப் டவுனில். வெள்ளையரான நாடகாசிரியர் அத்தால் ஃபுகார்டும் கறுப்பு நடிகர்களான கனி, வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் சேர்ந்து, ஒத்திகையில் பேசிப் பேசியே உருவாக்கிய நாடகம். கறுப்பருக்கு நடிகர் என்று ஒரு தொழில் சட்டத்தில் கிடையாது என்பதால் இருவரையும் ஃபுகார்டின் வீட்டு வேலைக்காரர்கள் என்றுதான் பதிவு செய்திருந்தார்கள். மேடையில் பன்ட்டு செய்கிற திருட்டுவேலைதான், மேடைக்கு வெளியேயும்! 1975-இல் இருவருக்கும் சேர்த்து நியூயார்க்கில் டோனி விருது கிடைத்தது, 1976-இல், கறுப்பர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய டிரான்ஸ்கை பகுதியில் இதே நாடகத்துக்காகப் பிடித்து உள்ளே வைத்தார்கள், வெளிநாடுகளில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே விட்டார்கள். பாஸ் சட்டம் 1986 வரை இருந்தது. அப்புறம், ‘பிளாக் பாந்தர்’ படத்தில் கதாநாயகனின் அப்பாவாக, ராஜாவாக வருவாரே, அவர்தான் ஜான் கனி.