சாமுவேல் என்ற பெயரின் உண்மையான பொருள் என்ன?
சாமுவேல் என்றால் "கர்த்தரிடத்தில் கேட்கப்பட்டவன்" என்றே பலரும் பொருள் கூறுவர். வேதாகமத்தின் 1 சாமுவேல் நூலில் (1:20), நெடுநாள் பிள்ளையில்லாதிருந்த அன்னாள் தன் மகனுக்குப் பெயரிடும்போது சொல்லும் காரணமும் அதுவே. ஆனால் எபிரேயத்தில் "ஷெமூவேல்" என ஒலிக்கும் இப்பெயரில், வேண்டிக் கேட்பதைக் குறிக்கும் "ஷாஅல்" என்ற வினைவேர் இல்லை. "ஷேம்" என்பது பெயர், "ஏல்" என்பது இறைவன். ஆகவே "இறைவனின் பெயர்" என்பதே சொல்லமைப்புக்கு நெருக்கமானது. "இறைவன் செவிசாய்த்தார்" என்னும் விளக்கம் கதைக்கு அழகாகப் பொருந்தினாலும், அதற்குரிய "ஷாமா" என்ற வேரின் இறுதி மெய்யெழுத்து இப்பெயரில் காணப்படவில்லை.

"கேட்கப்பட்டவன்" என்பது, சாமுவேலே பின்னாளில் அபிஷேகம் செய்த அரசன் சவுலின் பெயருக்குத்தான் நேர்ப்பொருள். 1:28இல் அன்னாளின் வாயிலிருந்து "ஷாஊல்" என்ற அதே வடிவம் வெளிப்படுகிறது. சவுலின் பிறப்புக்கதை இங்கே இடம்மாறிவிட்டது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். எனக்கோ அது வேண்டுமென்றே அமைத்த சொல்விளையாட்டாகத் தோன்றுகிறது.